நெதர்லாந்து: வேன்டாமில் விளையும் மருந்து

நெதர்லாந்தின் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம் போனால் ஒரு சிற்றூர் வருகிறது. அதன் பெயர் தமிழ்க் காதைச் சற்றே திடுக்கிட வைக்கும்: வேன்டாம். அங்கே விளைவதும், உலகின் பல அரசுகள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த ஒரு செடிதான்.

சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் ஊர் அல்ல இது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்கச் சதுப்பு நிலம். அடுப்பெரிக்க உதவும் அதன் கரிய மண்ணை வெட்டிப் படகுகளில் ஏற்றி அனுப்புவதற்காகவே கால்வாய்கள் தோண்டினார்கள். மண் தீர்ந்தது, கால்வாய்கள் மிச்சம். அடுத்து வந்தது உருளைக்கிழங்கு. கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் தொழில் இன்றும் இங்கே பெரிய தொழில். இந்த வரிசையில் மூன்றாவதாக வந்ததுதான் கஞ்சா. வெயிலும் மழையும் படாத கூடங்களில், மின்விளக்கு வெளிச்சத்தில், அரசு ஒப்பந்தத்தின் பேரில் பெட்ரோகான் என்ற நிறுவனம் இதை வளர்க்கிறது.

நெதர்லாந்து, கஞ்சா என்ற இரு சொற்களையும் சேர்த்துச் சொன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்கு நினைவு வருவது ஆம்ஸ்டர்டாம்தான். அங்கே உள்ள காபி ஷாப்களில் காபிக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. மெனு அட்டையில் ஒயிட் விடோ, நார்தர்ன் லைட்ஸ், அம்னீஷியா ஹேஸ் என்று ரேஸ் குதிரைகளுக்கு வைத்தது போன்ற பெயர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் வரை விற்கலாம், 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது. உண்மையில் சட்டப் புத்தகத்தில் இந்த விற்பனையும் குற்றம்தான். அரசு கண்டுகொள்வதில்லை, அவ்வளவே. ஆனால் முன்வாசலில் விற்பதைப் பொறுத்துக்கொண்ட அரசு, பின்வாசல் வழியாகக் கடைக்குச் சரக்கு வருவதைப் பல வருடங்கள் பொறுக்கவில்லை. அதனால் சரக்கு எங்கே விளைந்தது, என்ன பூச்சிமருந்து அடித்தது என்று கேட்டால் கடைக்காரரிடமே பதில் இருக்காது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து கடைகளுக்குச் சரக்கு தரும் பரிசோதனை 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கியது. பிறகு அது குரோனிங்கன் உள்பட பத்து நகராட்சிகளுக்கு விரிந்தது.

பொழுதுபோக்க வருகிறவருக்கு இந்த மர்மம் ஒரு சுவாரஸ்யம். நோயாளிக்கு அப்படி இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் கால் தசைகள் இறுகி, தூக்கம் தொலைந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காபி ஷாப்பில் ஒரு பெயரைச் சொல்லி வாங்குகிறார். தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. அடுத்த மாதம் அதே கடை, அதே பெயர். ஆனால் வேறு தோட்டத்துச் சரக்கு. இந்த முறை நெஞ்சு படபடக்கிறது. வலி போன பாடில்லை. 2006ல் வெளியான ஓர் ஆய்வு காபி ஷாப் சரக்கையும் மருந்துக் கடைச் சரக்கையும் ஒப்பிட்டது. வீரியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காபி ஷாப் மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் இருந்தன; பெரும்பாலானவற்றில் எடையும் குறைவு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த கேன்சர் நோயாளிக்குப் பூஞ்சை சாதாரண விஷயம் அல்ல.

மருந்துக் கடை வழி திறந்தது 2003 செப்டம்பரில். டாக்டரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் கஞ்சா வாங்கும் முறையை அரசே ஏற்படுத்தியது. 5 கிராம் அடங்கிய டப்பா. மேலே ரகத்தின் பெயரும் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும். கிருமி நீக்கக் காமா கதிர் பாய்ச்சியிருப்பார்கள். மெனு அட்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பெட்ரோகான் நிறுவனத்தின் ரகங்களாக டாக்டர்களுக்குப் பழக்கமானவை மொத்தம் ஐந்து.

அவற்றைப் பிரித்தறிய இரண்டு பொருட்களைத் தெரிந்துகொண்டால் போதும். கிறக்கம் தருவது டி.எச்.சி.; வலி, குமட்டல், தசை இறுக்கம் ஆகியவற்றுக்குப் பெரிதும் நம்பப்படுவதும் அதுவே. கிறக்கம் தராதது சி.பி.டி. நிறுவனத்தின் பெயரையே தாங்கிய பெட்ரோகான் ரகத்தில் டி.எச்.சி. சுமார் 22 சதவீதம், சி.பி.டி. பெயருக்குத்தான். பெட்ரோபினால் 13.5 சதவீதம் டி.எச்.சி. கொண்டது. பெடியாலில் டி.எச்.சி. 6.3, சி.பி.டி. 8 சதவீதம். பெட்ரோலைட்டில் சி.பி.டி.தான் பிரதானம், டி.எச்.சி. ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஐந்தாவது பெடிகா: டி.எச்.சி. 14 சதவீதம். அப்படியானால் பெட்ரோபினாலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மிர்சீன் என்ற மணப்பொருள் பெடிகாவில் அதிகம். இது உடலைத் தளர்த்தித் தூங்க வைக்கிறது என்கிறார்கள் நோயாளிகள். விஞ்ஞானம் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை.

இங்கே ரகம் தேர்ந்தெடுப்பது கடையில் புடவை எடுப்பது போல அல்ல, பொறுமை வேண்டும். வழக்கமான மருந்துகள் கைவிட்ட பிறகே டாக்டர்கள் கஞ்சாவுக்கு வருகிறார்கள். மனநோய் கண்டவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் தயங்குகிறார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரம் கவனித்து, பிறகே அளவையோ ரகத்தையோ மாற்றுகிறார்கள். புகைக்கச் சொல்வதில்லை. சூடாக்கி ஆவியாக இழுக்கலாம். அல்லது டீ போடலாம். 1 லிட்டர் கொதிநீரில் 1 கிராம், மூடிவைத்துக் கால் மணி நேரம் மெல்லிய தீயில். ஆவி சில நிமிடங்களில் வேலை செய்யும். டீ ஒரு மணி நேரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கோப்பை குடிப்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பெடிகா என்ற பெயரில் ஒளிந்திருப்பது 'இண்டிகா'. இந்தியாவிலிருந்து கிடைத்த செடிக்கு 1785ல் பிரெஞ்சு விஞ்ஞானி லமார்க் சூட்டிய பெயர் அது. இன்று உலகச் சந்தையில் இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் உற்சாகம் என்று விற்கிறார்கள். மரபணுச் சோதனைகளோ இந்த லேபிள்களை நம்ப வேண்டாம் என்கின்றன. மேற்கத்திய மருத்துவத்துக்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தியதும் கல்கத்தாதான். அங்கே மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் ஓஷானசி, விலங்குகளிடமும் நோயாளிகளிடமும் சோதித்துப் பார்த்து 1839ல் கட்டுரை எழுதினார். லண்டன் மருந்துக் கடைகளில் இந்தியக் கஞ்சா டிங்சர் வந்தது. அது மங்கிப்போக ஒரு முக்கியக் காரணம், ஒரு பாட்டிலைப் போல இன்னொரு பாட்டில் இல்லாததுதான். ஒன்று உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இன்னொன்று ஆளையே சாய்த்தது.

கல்கத்தா சரக்கு தோற்ற இடத்தில் வேன்டாம் ஜெயித்திருக்கிறது. விதை போடாமல், ஒரே தாய்ச்செடியின் கிளைகளை வெட்டி நட்டு, ஒரே வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். ஒவ்வோர் அறுவடையையும் ஆய்வகம் பரிசோதிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அடிப்படை மருத்துவக் காப்பீட்டில் இது சேராது. போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். எனவே கைக்காசு போட்டு வாங்க முடியாதவர்கள் மறுபடி காபி ஷாப் படியேறுகிறார்கள், அல்லது வீட்டிலேயே செடி வைக்கிறார்கள். ஐந்து செடி வரை வழக்குப் போடுவது அபூர்வம். ஆனால் செடிகளைப் பறித்துக்கொண்டு போய்விடலாம். ஐந்து ரகமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே கதிதான்.

இருந்தாலும், தனக்கு ஒத்துக்கொண்ட ரகம் எது என்று கண்டுகொண்டவருக்கு மெனு அட்டை தேவைப்படுவதில்லை. மருந்துக் கடை கவுண்டரில் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "போன மாதம் கொடுத்ததையே கொடுங்கள்."