ஹைபிரிட்டா, எலெக்ட்ரிக்கா? உளுந்தூர்பேட்டையில் தொடங்கிய ஒரு வீட்டுக் கணக்கு!

திருச்சி தில்லை நகரில் இருக்கும் அந்த ஃப்ளாட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சுதான். புதுக் கார் ஹைபிரிட்டா, எலெக்ட்ரிக்கா?

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 17 வருடம் ஓடிய பெட்ரோல் காரை விற்கும் முடிவுக்கு அவர் வந்ததற்குக் காரணம் ஒரு ராத்திரி. அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையில் இதய செக்கப். காலை அப்பாயின்ட்மென்ட்டுக்காக இரவே கிளம்பியவர்கள், உளுந்தூர்பேட்டை அருகே டீ குடிக்க நிறுத்தினார்கள். திரும்ப வந்து சாவியைத் திருகினால், வண்டியில் உயிரே இல்லை. தள்ளிப் பார்த்தும் கிளம்பவில்லை. மெக்கானிக்கை எழுப்பி அழைத்துவந்து பேட்டரி மாற்றியபோது மணி நான்கு.

அதுவரை கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கொசுவை விரட்டியபடி உட்கார்ந்திருந்தார் அம்மா. "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் அப்பாவை அதிகம் பயமுறுத்தியது.

ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில்தான் புதுக் கார். "இதுதான் நாம வாங்குற கடைசி வண்டி. தப்பு பண்ணக் கூடாது" என்றார் அப்பா.

கோவையில் தனி வீட்டில் இருக்கும் மகள் இரண்டு வருடமாக எலெக்ட்ரிக் கார்தான் ஓட்டுகிறார். "ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, கெட்டுப்போக என்னப்பா இருக்கு?" என்பது அவர் கட்சி. "எல்லாம் சரிம்மா, ராத்திரியில நடு ரோட்டுல நின்னுட்டா?" என்பது அப்பாவின் ஒரே கேள்வி.

நோட்டுப் புத்தகம் சொன்னது

அப்பா பழைய பழக்கத்தில் நோட்டில் கோடு போட்டார். ஊருக்குள் மாதம் 500 கிலோமீட்டர். சென்னைக்கு வருடத்தில் நான்கு முறை, போய்வர 660. மொத்தம் 8,640 கிலோமீட்டர்.

ஹைபிரிட் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், வருடத்துக்கு 43,200 ரூபாய். எலெக்ட்ரிக்கை வீட்டில் சார்ஜ் செய்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய், 7 கிலோமீட்டர் ஓட்டம். வெளியூரில் ஃபாஸ்ட் சார்ஜருக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய். இரண்டும் சேர்த்து சுமார் 14,800 ரூபாய். வருடத்துக்கு 28,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்!

வரியிலும் எலெக்ட்ரிக்குக்கே லாபம். அதற்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைபிரிட்டுக்கு 40 சதவிகிதம்.

"பார்த்தீங்களாப்பா?" என்றார் மகள், போனில்.

ஆனால், அவர்கள் பார்க்கிங், மீட்டர் போர்டிலிருந்து கடைசி மூலையில். தனி லைன் இழுக்க அனுமதி கேட்டால், "அடுத்த மீட்டிங்ல பேசலாம் சார்" என்றது அசோசியேஷன். இரண்டு மீட்டிங் முடிந்தும் பேசவில்லை. எல்லா சார்ஜும் வெளியில்தான் என்றால் செலவு 25,900 ஆகிறது. மிச்சம் 17,000 சொச்சமாகச் சுருங்குகிறது. லைன் கிடைத்தாலும், இரண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். எலெக்ட்ரிக் காரின் லாபம், அது ராத்திரி எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்தது.

எது நடுவழியில் நிற்கும்?

இதற்கு மகள் இரண்டு ஆய்வுகளை அனுப்பினார். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-ல் வெளியிட்ட சர்வேயில், பெட்ரோல் கார்களைவிட ஹைபிரிட்டில் 26 சதவிகிதம் குறைவான பிரச்னைகள். எலெக்ட்ரிக்கில் 79 சதவிகிதம் அதிகம். ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி வாகன கிளப்பின் 2024-ம் ஆண்டுக் கணக்கோ தலைகீழ். 2020 முதல் 2022 வரை பதிவான கார்களில், ஆயிரத்துக்கு 4.2 எலெக்ட்ரிக் கார்கள்தான் சாலையில் நின்றன. எரிபொருள் கார்களில் அது 10.4.

இரண்டும் உண்மைதான். முன்னது, ஸ்கிரீன், சார்ஜிங் என்று உரிமையாளர்கள் சொன்ன கோளாறுகளையெல்லாம் எண்ணுகிறது. பின்னது, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டிய அளவுக்கு நின்றுபோனதை எண்ணுகிறது. ஹைபிரிட்டுக்கு அனுபவமும் அதிகம். டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-ல்.

அப்பா கண்ணில் பட்டது வேறொரு வரி. சாலையில் நின்ற கார்களில் மிக அதிகமாகக் காலை வாரியது, சின்ன 12 வோல்ட் பேட்டரி. எலெக்ட்ரிக், ஹைபிரிட், பெட்ரோல் என எல்லாவற்றிலும் அது உண்டு. உளுந்தூர்பேட்டையில் அவர்களை நிறுத்தியதும் அதுதான்!

அப்பா சிரித்துவிட்டார். "நான் பெரிய பேட்டரியை நினைச்சுப் பயந்துட்டு இருந்தேன்."

இருந்தாலும், கடைசியில் ஹைபிரிட்டையே புக் செய்தார். அதற்குள் இருக்கும் பேட்டரி, எலெக்ட்ரிக் கார் பேட்டரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வாரன்ட்டி முடிந்து மாற்ற நேர்ந்தாலும் சேமிப்பைக் கரைக்காது. ஆயில், ஃபில்டர் செலவு இருக்கத்தான் செய்யும்.

"வருஷத்துக்கு 17,000 ரூபாய் உங்க பயத்துக்குக் கொடுக்குறீங்கப்பா" என்றார் மகள்.

"தெரிஞ்சுதாம்மா கொடுக்குறேன். உன் வீட்டுல நான் இருந்தா எலெக்ட்ரிக்தான் வாங்கியிருப்பேன்" என்றார் அப்பா.

இப்போது ஒவ்வொரு சென்னைப் பயணத்துக்கும் முதல் நாள், 12 வோல்ட் பேட்டரியை செக் செய்துவிடுகிறார். புதுக் காரில் முதல் செக்கப்புக்குப் போன இரவு, அதே டீக்கடையில் நிறுத்தினார்கள். திரும்ப வந்து பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

அம்மா எட்டி டேஷ்போர்டைப் பார்த்தார்.

"ஏங்க, 'ரெடி'ன்னு லைட் எரியுதே. வண்டியை எடுங்க."