கியாவே கரியில் சுழலும் கோழி

ஹவாய், ஓஹு தீவின் வடகரை. ஹலேய்வா என்ற சிற்றூரில் வார இறுதியானால் சாலையோரம் புகை எழும். நீளக் கம்பிகளில் கோர்த்த முழுக்கோழிகள், தணலுக்கு மேல் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். கரி, கியாவே மரத்தினுடையது. தமிழ்நாட்டுச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், முள்ளும் அப்படியே! 1828-ல் ஹொனலுலுவில் விதை ஊன்றிய மரம், வறண்ட கரையோரமெல்லாம் பரவிவிட்டது.

1955-ல் எர்னஸ்ட் மோர்காடோ என்ற கோழி வியாபாரி, விவசாயிகள் கூட்டத்தில் சுட்டுக்கொடுத்த கோழிதான் 'ஹுலி ஹுலி'. ஹுலி என்றால் திருப்பு. இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவில் வைத்துக் கையால் புரட்டினார்கள். இப்போது பல இடங்களில் மோட்டார்தான் சுழற்றுகிறது.

இதைப் பார்த்து வீட்டு டிரம் புகையடுப்பில் சுழல்கம்பி பொருத்துகிறவர்கள் முதலில் கோட்டைவிடுவது எடையில்தான். கம்பி கோழியின் நட்டநடுவே போக வேண்டும். இறக்கை, கால்களைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கனமான பக்கம் கீழேயே தொங்கும், மோட்டார் திணறும். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் நிற்கும். நைலான் கயிறு கூடவே கூடாது, உருகிவிடும்.

தோல் சிவந்துவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது. புகையே இறைச்சியைச் சிவக்க வைக்கும். வேகாத கோழியில் சால்மொனெல்லா கிருமி உயிரோடிருக்கும். குழந்தைகளைத்தான் முதலில் வாட்டும். தொடையின் தடித்த சதையில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 74 டிகிரி செல்சியஸ் காட்டிய பிறகு மோட்டாரை நிறுத்தலாம்.