பத்துக்குப் பதினெட்டு

வீட்டுச் சாவி கையில் கிடைத்த அன்று நாங்கள் முதலில் செய்த வேலை பழைய பேப்பர் சேர்த்தது தான். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில், மூன்றாம் மாடி. பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். குசினியும் அதற்குள்ளேயே ஒரு மூலையில். பாத்ரூம் மட்டும் புறம்பு. அக்காவும் தங்கச்சியுமாய் நாங்கள் இரண்டு பேர். மூன்று வருசம் போர்டிங் அறைகளில் ஆரோ வாங்கிய கட்டிலில் படுத்து, ஆரோ தைத்த யன்னல் சீலையைப் பார்த்துக்கொண்டு எழும்பிய எங்களுக்கு இது அரண்மனை.

போனில் சேமித்து வைத்திருந்த படங்கள் எல்லாம் வெள்ளைச் சுவரும், தொங்குகிற செடியும், சுவரோடு ஒட்டிய தட்டுகளும். ஓனர் அன்ரி சாவியைத் தரும்போதே சொல்லிவிட்டா, "பிள்ளையள், சுவரில ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது." பாதிப் படங்கள் அந்த இடத்திலேயே அழிந்தன.

பேப்பர் எதற்கென்றால், கட்டில், மேசை, அலுமாரி எல்லாவற்றையும் அதனதன் அளவில் வெட்டி நிலத்தில் விரித்தோம். ஒரு பின்னேரம் முழுக்க அவற்றுக்கு நடுவில் நடந்து பார்த்தோம். நாங்கள் விரும்பிய அலுமாரியின் கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பது காசு கொடுக்க முதலே தெரிந்தது. இரண்டடியாவது வழி இல்லாவிட்டால் ஒருவர் தேத்தண்ணியோடு வர மற்றவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். மேசை எங்கே என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, யன்னல் இல்லாத அறையில் மெழுகுதிரியோடு சோதனைக்குப் படித்தவர்கள் நாங்கள். மேசை யன்னலடியில். வேறு பேச்சில்லை.

பிழையும் விட்டோம். மலிவாய்க் கிடைத்த இரும்புத் தட்டு ஒன்றை ஆசையாய் வாங்கி யன்னல் பக்கம் வைத்தோம். உப்புக் காற்று ஆறு மாதத்தில் அதைத் தின்றுவிட்டது. வெள்ளைத் துவாயில் துருக்கறை இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு தான் 101 பஸ் ஏறி மொறட்டுவைக்குப் போனோம். தச்சு வேலைக்கு அங்கே தானே போகவேண்டும். பாஸுக்குத் தமிழ் தெரியாது. எங்கட சிங்களம் பஸ்ஸில் ஏறி இறங்க மட்டும் காணும். கொப்பியில் கீறிக் காட்டினோம்: நிலத்தில் நிற்கிற, ஐந்தடி உயரப் பலகைத் தட்டு, கட்டிலையும் குசினியையும் பிரிக்கிற மாதிரி. அவர் படத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து, சொந்த வீடா வாடகையா என்று கேட்டார். வாடகை என்றதும் பென்சிலை வாங்கி மூட்டுகளில் எல்லாம் வட்டம் போட்டார். ஆணி இல்லை, பசை இல்லை, எல்லாம் போல்ட். வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மினெட் டி சில்வாவைப் பற்றி வாசித்ததும் அந்த நாட்களில் தான். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களில் கண்டி வட்டபுலுவ வீட்டுத்திட்டத்துக்கு வரைய முதல், குடிவரப் போகிற ஆட்களிடமே கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்டிருக்கிறா. நாங்களும் ஒரு தாளில் எழுதினோம்: எங்கே சாப்பிடுவோம், எங்கே உடுப்புக் காயப் போடுவோம், கோபம் வந்தால் எந்த மூலையில் போய் இருப்போம். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அம்மா இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய வந்து இறங்கினா. தட்டைத் தடவிப் பார்த்தா, மேசை வடிவு என்றா. பிறகு தோளில் இருந்த பையை இறக்காமலே கேட்டா, "இதை எங்க வைக்கிறது?"

ஃபைல் பை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், அப்பாவின் மரணச் சான்றிதழ், எல்லாம் பொலித்தீனில் சுற்றி. 2009 இல் எங்களுக்கு 11 வயதும் 8 வயதும். சட்டி பானை, பாய், தையல் மெசின் எல்லாவற்றையும் ஒவ்வொரு இடத்தில் விட்டுவிட்டு வந்த அம்மா விடாத பை அது.

கட்டிலுக்குக் கீழே பெட்டி இருக்கு, பூட்டும் இருக்கு என்றோம்.

"வாசலுக்குக் கிட்ட இருக்கோணும்."

"அம்மா, இது கொழும்பு."

அம்மா பதில் சொல்லவில்லை. பையைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுக் குளிக்கப் போனா. வாசலடியில் நாங்கள் கண்ணாடி வைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் புகழும் மூலை அது. குளித்துவிட்டு வருவதற்குள் கண்ணாடியை உள்ளே எடுத்தோம். கடைசியில் பாஸிடம் திரும்பவும் போய், கையெட்டும் உயரத்தில் இரண்டு முளை வைத்த ஒரு நிற்கும் மரம் செய்வித்தோம். ஒன்றில் குடை. மற்றதில் பை.

பையைக் காட்டி, இதென்ன, டிசைனுக்குப் பொருந்தவில்லையே என்று கேட்கிற சிநேகிதிகளும் உண்டு. சிலர் கேட்பதே இல்லை. அவர்களின் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது. போன மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். அந்தக் கடதாசியையும் பொலித்தீனில் சுற்றி அதற்குள் தான் வைத்தோம்.