மலையில்லாத ஊரிலிருந்து மலை ஏறினோம்

எங்கள் ஊரின் பெயரே மலைதான். ஆனால் ஊரில் மலை கிடையாது! விருத்தாசலம் என்றால் பழமையான மலை என்று அர்த்தம். தேவாரத்தில் திருமுதுகுன்றம். சுவாமிக்குப் பழமலைநாதர், விருத்தகிரீசுவரர் என்று பெயர். நீங்கள் ரயிலடியில் இறங்கி நாலு திசையும் சுற்றிப் பாருங்கள். கோபுரம் தெரியும், மணிமுத்தாறு தெரியும், பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் விற்கிற கடைகள் தெரியும். மலை மட்டும் தெரியாது. சுவாமியே ஆதியில் மலையாக நின்றார் என்றும், அந்த மலை பூமிக்குள் அழுந்திவிட்டது என்றும் சொல்வார்கள். திருச்சியில் பிள்ளையாரைப் பார்க்கப் படி ஏறுகிறார்கள் அல்லவா? எங்கள் ஊர் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்க வேண்டும்!

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாலு பேர், ஐம்பது வயதுக்கு மேல், மார்கழி மாதத்துச் சனி ஞாயிறில் பாறை ஏறக் கிளம்பினோம் என்றால் கேட்க வேண்டுமா? ஒருவர் சரித்திர வாத்தியார். ஒருவர் மருந்துக் கடைக்காரர். ஒருவர் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர். நாலாவது ஆள் நான். "இந்த வயசிலே உங்களுக்கு ஏன் இந்தக் குரங்குச் சேட்டை?" என்று கேட்டுக்கொண்டேதான் என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகச் செஞ்சி சுமார் 100 கிலோமீட்டர். விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பூமியின் ஜாதகமே மாறிவிடுகிறது. யாரோ ஒரு ராட்சசக் குழந்தை கூழாங்கற்களைக் குவித்து விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி, எங்கே பார்த்தாலும் பாறைக் குவியல்!

செஞ்சிக் கோட்டை ஒரு மலைமேல் இருப்பதல்ல; ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டியது. ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குப் போகுமுன் ஒரு பெரும் பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்ட பாலத்தைத் தாண்டினால்தான் கோட்டை. அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே பாடம் நடத்தினார். 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-இல்! ராஜாராமோ அதற்குள் தப்பிப் போய்விட்டார். 1714-இல் தேசிங்கு ராஜன் போரில் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் சேர்ந்தது. மொகலாயருக்கு எட்டு வருஷம் பிடித்த மலையில், எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. புளியோதரையில் பாதியைக் குரங்குகள் கைப்பற்றின.

அந்த வெற்றிதான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

மறுநாள் காலை சிங்கவரம் போனோம். குன்றைக் குடைந்த குகைக் கோயிலில், பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாளைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரத்தில் ஒரு வழவழப்பான பாறை நின்றது. "இதென்ன பிரமாதம்!" என்று நான் ஏற ஆரம்பித்தேன். பீங்கான் நண்பர் காலேஜ் நாளில் பாறையேற்றப் பயிற்சி முகாமுக்குப் போனவர். "பனி காயவில்லை, வேண்டாம்" என்றார். கேட்டேனா?

பன்னிரண்டு அடி ஏறியதும் மேலே பிடிமானம் இல்லை. சரி, இறங்கலாம் என்று பார்த்தால், ஏறும்போது கால் வைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. முழங்கால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது. பாறையைக் கட்டித் தழுவிக்கொண்டேன். கீழே நண்பர்களின் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. கட்டிக் கொடுத்த புளியோதரையும், கட்டிக் கொடுத்த கையும் ஞாபகத்துக்கு வந்தன.

"டேய், கல்லைக் கட்டிக்காதே! வழுக்கும். உடம்பைக் கொஞ்சம் விலக்கு. பாரம் பாதத்திலே இருக்கட்டும்" என்றது பீங்கான் நண்பரின் குரல். "இரண்டு கை, இரண்டு கால். மூன்று உறுதியாக இருந்தால்தான் நாலாவதை எடுக்கணும். இடது காலை ஒரு சாண் கீழே விடு. இருக்கு, இருக்கு, அங்கேதான் வெடிப்பு!"

அவர் சொல்லச் சொல்ல, சாண் சாணாக இறங்கினேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம். எனக்கு அது செஞ்சி முற்றுகை. தரையைத் தொட்டதும் அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கையும் நடுங்கியதை நான் கவனித்தேன்.

பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பாறையின் அடியில் உதிர்ந்து கிடந்ததை அள்ளிக் காட்டினார். "இந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். இதிலே பெல்ஸ்பார் இருக்கு, குவார்ட்ஸ் இருக்கு. வெயிலும் மழையும் யுக யுகமாகத் தின்றால் பெல்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாகிவிடும். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ், இந்த மூன்றையும் சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் பீங்கான். நம் ஊரிலே மலை எங்கே என்று கேட்கிறார்களே? நம்ம வீட்டுக் கொலுவிலே உட்கார்ந்திருக்கிறது!"

நேயர்களே, நீங்களும் மார்கழி, தை மாதங்களில் செஞ்சிக்குப் போய்வாருங்கள். கோடையில் அந்தக் கல் அடுப்பு. காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், தின்பண்டத்தைக் குரங்கின் கண்ணில் காட்டாதீர்கள். கோட்டையில் படியை விட்டு விலகாதீர்கள். பாறை ஏறத்தான் வேண்டும் என்றால் கயிறும், தலைக்கவசமும், கற்றுக் கொடுக்கத் தெரிந்தவரும் கட்டாயம் வேண்டும்.

ஊர் திரும்பியதும் நேரே ஆழத்துப் பிள்ளையாரிடம் போனேன். படிகளில் ஒவ்வொன்றாக, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். எங்கள் ஊரில் இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது!

வீட்டில் மனைவி கேட்டாள்: "மலை ஏறினீர்களா?"

"ஏறினேன், இறங்கவும் இறங்கினேன்" என்றேன். மீதிக் கதையை அவள் இந்தப் பக்கத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.