அழகியாக மாறாத இளவரசி

தேவதைக் கதைப் புத்தகத்தைப் படித்து, கேலியாகச் சிரித்து, அதன் தாளைக் கிழித்துக்கொண்டு கழிப்பறையிலிருந்து வெளியே வரும் பச்சை நிறப் பூதம். 2001-ல் வெளியான ‘ஷ்ரெக்’ இப்படித்தான் தொடங்கும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பெரியவர்களை அசைப்பது கடைசிக் காட்சி. இளவரசி ஃபியோனாவுக்கு ஒரு சாபம்: பகலில் அழகி, இரவில் பூதம். உண்மைக் காதலின் முத்தம் கிடைத்ததும் அவள் பூதமாகவே நிலைத்துவிடுகிறாள். அழகியாக மாறவில்லையே என்று அவள் திகைத்து நிற்க, ஷ்ரெக்கின் கண்ணுக்கு அவள் அழகிதான்.

சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை முதன்முதலில் வென்றதும் இதுதான்.

நிறம், எடை, பல்வரிசை என்று கண்ணாடி முன் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். அறிவுரை வேண்டாம், சேர்ந்து சிரித்தால் போதும்.