ஓடிப் பார்த்த ஊர்கள் – 4: கடைசி வரிசையிலிருந்து சென்னை

விடியற்காலை நாலு மணிக்கு நேப்பியர் பாலத்தில் நெரிசல் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஜனவரியில் சென்னை மாரத்தான் நடக்கும் நாளில் வந்து பார்க்க வேண்டும். 1869இல் கட்டிய பாலம். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு அலங்கரித்தார்கள். அந்த இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குதிகாலை உயர்த்தி இறக்கியபடி நிற்கிறார்கள். ஐ.டி. ஊழியர்கள், டாக்டர்கள், பேங்க்கில் ஓய்வு பெற்றவர்கள், மகளோடு வந்திருக்கும் அம்மாக்கள். ஊக்குக் குத்திய நம்பர் துணி நெஞ்சில் நேராக இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தற்காலிகக் கழிப்பறை வரிசையில் நிற்பவர்களின் முகத்தில்தான் உண்மையான பதற்றம் தெரியும்.

முன் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒல்லி. பேச மாட்டார்கள். பின்னால் போகப் போகப் பேச்சு கூடும், தொப்பையும் கூடும். நான் நிற்பது பின்னால். ஒரு போட்டி நன்றாக நடந்ததா என்று ஜெயித்தவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்கு எல்லா இடத்திலும் தண்ணீர் இருக்கும், சாலை காலியாக இருக்கும், கைதட்டவும் ஆள் இருக்கும். கடைசி நூறு பேரிடம் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பின்னால் நிற்பவர்களுக்குக் காலம் செய்த ஒரு பெரிய உதவி, நம்பர் துணியின் முதுகில் ஒட்டியிருக்கும் சிப். தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போதுதான் அவரவர் கணக்கு ஆரம்பிக்கும். துப்பாக்கி வெடித்து ஐந்து நிமிஷம் கழித்துக் கோட்டைத் தொட்டாலும் நஷ்டமில்லை. அதனால் கூட்டத்தில் முட்டி மோதவும் அவசியமில்லை. ஆனாலும் முட்டுவார்கள். பஸ்ஸில் ஏறிப் பழகிய ஊர்.

காமராஜர் சாலையை இருட்டில் ஓடிக் கடப்பது ஓர் அனுபவம். உழைப்பாளர் சிலை, மாநிலக் கல்லூரி, கண்ணகி சிலை, விவேகானந்தர் இல்லம், காந்தி சிலை. காரில் போனால் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும் இந்த வரிசை, காலில் போகும்போது ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டுப் போகிறது. சிற்பி ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை 1959 ஜனவரியில் திறந்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அந்த உருவங்களின் கெண்டைக்காலை ஓட்டக்காரன் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடல் கண்ணில் படாது. மணல்பரப்பு அவ்வளவு அகலம். கடலின் ஈரக்காற்று மட்டும் உடம்பில் ஒட்டும்.

சென்னை ஓட்டத்தின் வில்லன் அந்த ஈரம்தான். ஜனவரி அதிகாலையில் 21, 22 டிகிரி என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றே நனைந்திருந்தால் வியர்வை எங்கே போகும்? மூன்றாவது கிலோமீட்டரிலேயே பனியன் பிழியலாம். உடனே எல்லோரும் தண்ணீரைத் தேடுகிறார்கள். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. வழி நெடுகக் குடித்துக் குடித்து எடை கூடியவர்களுக்கும், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாகப் போகிறவர் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அவருக்குத் தண்ணீரைவிட உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ்தான் முக்கியம்.

தண்ணீர் கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கூல் யூனிபாரத்தில் வந்து, மூன்று மணிக்கே எழுந்த கண்ணோடு நிற்கிறார்கள். தேர்ந்த பெண் ஒருத்தி கப்பின் அடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை விலக்கி நீட்டுகிறாள். வாங்குகிறவர் கப்பின் வாயை ஒரு பக்கம் கிள்ளிக் குறுக்கினால் ஓடிக்கொண்டே குடிக்கலாம். இல்லையென்றால் பாதி மூக்குக்குள் போகும். அப்படி ஒருவருக்குப் போயிற்று. “அங்கிள், நின்னு குடிங்க அங்கிள், ஒண்ணும் அவசரமில்ல” என்றாள் அவள். அவரை ஜெயிக்கிற ஆளாக அவள் எண்ணவில்லை என்பது புரிந்து, அவரும் நின்றே குடித்தார்.

சாந்தோம் பக்கம் விடியும் முன்பே டீக்கடையில் நின்ற மீனவப் பெண்மணி ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இன்னா தம்பி, ஜெயிச்சா எவ்ளோ குடுப்பாங்கோ?”

“நாங்கதாங்க்கா காசு கட்டி ஓடுறோம்.”

“காசு குடுத்தா? யாராவது தொரத்துறாங்களா?”

கேள்வி நியாயமானது. பெரிய போட்டிகளில் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஷூவுக்கு அதைப்போலப் பல மடங்கு. இந்தியாவில் இந்தப் பழக்கத்தை நகரங்களில் பரவலாக்கியது 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான். டெல்லியும் பெங்களூரும் பிறகு சேர்ந்துகொண்டன. சென்னைக்காரர்கள் பெசன்ட் நகரிலும் ஈ.சி.ஆரிலும் ஞாயிறுதோறும் ‘லாங் ரன்’ போய்ப் போய் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் கலந்துகொண்டவர்கள் 73,206 பேர் என்று கின்னஸில் பதிவானது. அவர்களில் பெரும்பாலானோர் எந்த நேரத்தையும் துரத்தி வந்தவர்கள் அல்ல.

சென்னையில் மலை கிடையாது, பாலம் உண்டு. அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலம் வண்டியில் போகும்போது ஏற்றம் என்றே தோன்றாது. ஓடி வருபவர் அதைத் தொடையில் உணர்கிறார். அப்புறம் ராஜீவ் காந்தி சாலை. ஆறரைக்கு மேல் சூரியன் வந்துவிடும். முன்னால் போனவர்கள் அதற்குள் கணிசமான தூரத்தை முடித்திருப்பார்கள். பின்னால் வருபவர்களுக்குப் பாதிக்கு மேல் வெயிலில்தான். எட்டு மணி நெருங்கினால் போலீஸார் ஒவ்வொரு தடமாகத் திறந்துவிட ஆரம்பிப்பார்கள். ஹாரன் சத்தம் திரும்பி வரும். ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர், “மேட்ச் முடிஞ்சிட்ச்சு சார், ஏறு!” என்பார்.

ஒரு போட்டியில் (எது என்பது வேண்டாம்) கடைசி மூன்று மேஜைகளிலும் மிதிபட்ட கப்புகள் மட்டுமே கிடந்தன. பின்னால் வந்த நாங்கள் பெட்டிக்கடையில் கடன் சொல்லித் தண்ணீர் வாங்கினோம். கடைக்காரர் தண்ணீர் பாக்கெட்டோடு கடலை மிட்டாயும் கொடுத்தார்.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் எப்போதும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். “என் வாட்ச்ல 21.4 காட்டுது, ரூட் தப்பு!” என்பார் அரை மாரத்தான் ஓடிய ஒருவர். பெரும்பாலும் ரூட் சரியாகவே இருக்கும். சான்று பெற்ற தடத்தைச் சைக்கிளில் அளக்கிறார்கள். 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சின்னக் கருவியை முன் சக்கரத்தில் பொருத்தி, சுற்றுகளை எண்ணுவார்கள். எஃகு நாடாவால் அளந்த நேர்க்கோட்டில் அந்தச் சைக்கிளை முதலில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, எவ்வளவு குறுக்காகப் போக முடியுமோ அப்படிப் போவார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். நம் ஆள் தண்ணீருக்கு இடது பக்கம், போட்டோகிராபருக்கு வலது பக்கம் என்று வளைந்து வளைந்து வந்தால் வாட்ச் என்ன செய்யும்?

இந்தத் துல்லியமெல்லாம் பொங்கல் சமயத்தில் ஊர்ப்பக்கம் செல்லாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் இளைஞர் மன்றம் நடத்திய ஓட்டம் ஒன்றில் தூரம் ‘அம்மன் கோயில்லேர்ந்து ரைஸ் மில் வரை போயிட்டு வரணும்’. முன்னால் ஒரு பைக், அதில் விசில் ஊதும் அண்ணன். அங்கே ஓடிய பையன்களில் பாதிப் பேர் வெறுங்கால். நகரத்து ஆட்கள் வாட்சைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்குப் போகும் ஆண்கள் உடற்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தப் பையன்கள் தினமும் ஏரிக்கரையில் ஓடுவது அதற்காக. ஜெயித்தவனிடம் ரகசியம் கேட்டால், “செலக்‌ஷன் வருதுண்ணா” என்கிறான். அங்கேயும் கடைசியில் வந்தவன் நான்தான். ஆனால் மைக்கில் என் பெயரைச் சொல்லி, துண்டு போர்த்தி, சுண்டல் கொடுத்து உட்கார வைத்தார்கள். கடைசி ஆள் வரும்வரை கோட்டில் கட்டிய கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

சென்னையில் பதக்கம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனபோது பொங்கல் இருந்தது, இட்லி இருந்தது, வடை தீர்ந்திருந்தது. மோசமில்லை. எனக்குப் பின்னால் இன்னும் இருபது முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள், கோட்டில் கைதட்டத் தன்னார்வலர்கள் சிலர் மிச்சமிருந்தார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பாமல் நின்றது. நூற்றுக்கு எழுபது மார்க் போடலாம்.

அடுத்த இதழில் ஆரோவில். 2008 முதல் நடக்கும் அந்த ஓட்டத்தில் தார்ச் சாலையை விட்டுச் செம்மண் தடத்தில் இறங்க வேண்டும். சிப் கிடையாது, நேரம் எடுக்க மாட்டார்கள், முதல் பரிசும் கிடையாது. முன் வரிசையில் நிற்கும் ஒல்லிகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம்.