ஸ்ட்ராடிவாரியின் அச்சுப் பலகைகள்

இத்தாலியின் கிரெமோனா நகரில் உள்ள வயலின் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக 'இல் கிரெமோனேசே' இருக்கும் இடத்துக்குத்தான் போகிறார்கள். 1715-இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின். கண்ணாடிப் பேழைக்குள் செந்தங்க நிறத்தில் நிற்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி என்ற மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால், அவருடைய பட்டறைச் சாமான்கள் இருக்கும் பகுதிக்குப் போக வேண்டும். நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

வயலின் உடலின் வடிவில் வெட்டிய மர அச்சுகள். கழுத்துக்கும் ஒலித்துளைக்கும் அளவெடுக்க வெட்டிய காகிதப் படிவங்கள். கவராய முள் குத்திய புள்ளிகள் அவற்றில் இன்னும் தெரிகின்றன. ஓரங்களில் மையால் எழுதிய குறிப்புகள். ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மயிரிழை தள்ளி இன்னொரு கோடு. மேதை என்று உலகம் கும்பிடுகிற ஒருவர், வேலை நடுவே யோசனையை மாற்றிக்கொண்ட இடம் அது.

அச்சின் பயன் எளிமையானது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மேப்பிள் பட்டைகளைச் சூடான இரும்பில் வளைத்து, அச்சைச் சுற்றிப் பொருத்துவார்கள். வயலினின் பக்கச்சுவர் உருவானதும் அச்சை உருவிவிடலாம். அடுத்த வயலினுக்கு அதே அச்சு. அதனால்தான் ஸ்ட்ராடிவாரியால் அறுபது எழுபது ஆண்டுகள் ஒரே அடித்தளத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க முடிந்தது. முந்தைய தலைமுறைக் கிரெமோனா வயலின் கலைஞர் நிக்கோலோ அமாத்தியின் பாணியில் தொடங்கினார். 1690-களில் உடலை நீளமாக்கினார். 1700 வாக்கில் அதைக் கைவிட்டு, அகன்ற மார்பும் தாழ்ந்த வளைவும் கொண்ட வடிவத்துக்கு வந்தார். இன்று கோடிகளில் விலை போகிறவை பெரும்பாலும் அதற்குப் பிந்தைய இருபதாண்டு வேலைகள்.

அவர் வேலை செய்த வீட்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1680-இல் சான் டொமினிகோ தேவாலயத்துக்கு எதிரே வாங்கிய வீடு இப்போது இல்லை. தேவாலயமும் இல்லை, அவர் புதைக்கப்பட்ட கல்லறையும் அதோடு போயிற்று. அங்கே இன்று பூங்கா இருக்கிறது. அதற்கு முன் குடியிருந்த வீடு மட்டும் கரிபால்டி வீதியில் நிற்கிறது. 1667-இல் பிரான்செஸ்காவை மணந்து அவர் குடித்தனம் தொடங்கிய வீடு அது.

கைத்தொழில் அறுந்த கதை இதைவிட வேதனையானது. 1737 டிசம்பரில், தொண்ணூறைத் தாண்டிய வயதில் ஸ்ட்ராடிவாரி இறந்தார். தொழில் தெரிந்த மகன்கள் ஒமோபோனோ 1742-இலும் பிரான்செஸ்கோ 1743-இலும் போனார்கள். அதே ஊரின் மற்ற வயலின் மேதைகளும் அப்படித்தான்: குவார்னேரி தெல் ஜெசு 1744. கார்லோ பெர்கோன்சி 1747. பத்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் தலைசிறந்த கைகள் அத்தனையும் ஓய்ந்தன. கருவிகளும் அச்சுகளும் துணி வியாபாரியான இன்னொரு மகன் பாவ்லோவிடம் தங்கின. 1775-76 வாக்கில் கோசியோ டி சலபுவே என்ற பிரபு அவற்றை வாங்கினார். 1920-இல் ஜியுசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கலைஞர் அவற்றைத் தம் காசில் வாங்கி, 1930-இல் கிரெமோனாவுக்கே கொடுத்துவிட்டார். அந்த ஒரு மனிதரின் பெருந்தன்மைக்கு இந்த ஊர் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. 1938-இல் இங்கே வயலின் செய்யும் பள்ளி தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் உண்டு. 2012-இல் யுனெஸ்கோ இந்தத் தொழில்மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

பேராலயத்தின் பின்புறச் சந்து ஒன்றில் அப்படியொரு பட்டறைக்குப் போனேன். பள்ளியில் படிக்க வந்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்ட அம்மையார் நடத்துகிறார். உளி, விரல் நுனியளவு இழைப்புளிகள், எஃகுச் சுரண்டிகள். மின்சாரக் கருவி என்று கண்ணில் பட்டது பட்டை அறுக்கும் ரம்பம் மட்டும். பாதி செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகையை என் கையில் கொடுத்து, "மெதுவாக முறுக்கிப் பாருங்கள், எங்கே விறைப்பாக இருக்கிறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அங்கே நாலைந்து முறை சுரண்டினார். மேற்பலகை கடைசியில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நிற்கும். ஸ்ப்ரூஸ் இன்றும் வடக்கே ஃபியெம்மே பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. மேப்பிள் பால்கன் நாடுகளிலிருந்து. ஒட்டுவதற்கு நம் தச்சர்கள் காய்ச்சிய அதே வச்சிரம். ஈரமும் சூடும் காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பதால்தான் முந்நூறு ஆண்டு வயலினையும் திறந்து பழுதுபார்க்க முடிகிறது.

கர்நாடக இசையில் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்போம், சுருதியையும் இறக்கி வைப்போம் என்று சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தந்தியின் இழுவிசை குறையும்போது குதிரையை எப்படிச் செதுக்குகிறார்கள் என்று கேட்டார். பாலுசுவாமி தீட்சிதர் காலம் முதல் இருநூறு ஆண்டுகளாக வாசிக்கிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் ஊர் ரிப்பேர்க் கடைக்காரர்களைத்தான் கூட்டிவந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ராடிவாரி வயலின்களின் ரகசியம் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வார்னிஷில் மாயம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2009-இல் ஐந்து ஸ்ட்ராடிவாரி கருவிகளை ஆராய்ந்தபோது கிடைத்தது, ஓவியர்கள் கையாண்ட எண்ணெயும் பைன் பிசினும் கொஞ்சம் நிறமிகளும்தான். 2012-இல் பாரிஸ் அருகே பத்துத் தனிக் கச்சேரிக் கலைஞர்களிடம் கண்ணை மறைத்துப் பழைய, புதிய வயலின்களைக் கொடுத்தார்கள்; ஆறு பேர் புதியதைத் தேர்ந்தெடுத்தார்கள். இது ஸ்ட்ராடிவாரியைச் சிறுமைப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மறைத்து வைத்த மந்திரம் எதுவுமில்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போனதுதான் நடந்தது. கற்றுக்கொள்ளக் கூடிய வேலை என்பதை இந்த அம்மையாரின் மேசையே காட்டுகிறது. அதன்மேல் ஸ்ட்ராடிவாரி அச்சு ஒன்றின் வரைபடம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அம்மையாரே திருத்திப் போட்ட இன்னொரு கோடு.

கிளம்பும்போது வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வார்னிஷ் காயவில்லை, இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும் என்று அம்மையார் தன்மையாகச் சொன்னார். 1708 ஆகஸ்டில் ஸ்ட்ராடிவாரி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வயலின் தாமதமானதற்கு மன்னிக்கும்படி கேட்டு அவர் சொல்லும் காரணமும் வார்னிஷ்தான்.